குடைக்கோரையா, பைனா: இரண்டையும் நான்கு ஆண்டு வளர்த்துப் பார்த்தவரின் மதிப்புரை

2021 ஜூன் மாதம் ஒரே நாளில், ஒரே நர்சரியில், இரண்டு வகைச் செடிகளை வாங்கினேன். ஒன்று, 'அம்பர்லா பாம்' என்று அட்டை குத்தி வைத்திருந்த குடைக்கோரை. செடி ஒன்று 60 ரூபாய். மற்றொன்று, முழங்கால் உயரம் வளர்ந்திருந்த பைன் கன்று. அது 350 ரூபாய். கோவை வடவள்ளியில் உள்ள எங்கள் மொட்டை மாடியிலும் குன்னூரில் பெரியப்பா வீட்டு முற்றத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்தேன். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டரில் இருக்கிறது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இவ்வளவு ஏற்றமும் இவ்வளவு குளிரும் கிடைக்கும் ஊர்க்காரர்களுக்கு, ஒரு செடியை இரு தட்பவெப்பத்தில் சோதித்துப் பார்ப்பது பெரிய காரியம் அல்ல.

புல்லைப் போலத் தோன்றும் ஒரு கோரையையும் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத ஓர் ஊசியிலை மரத்தையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். செடி வாங்குகிறவர் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தால் பொருத்தம் புரியும். பூ வேண்டாம், பூச்சி மருந்து வேலை வேண்டாம், எல்லா மாதமும் பச்சையாக இருக்க வேண்டும், இலை மெலிந்து நீண்டு காற்றில் அசைய வேண்டும் என்று கேட்பவருக்கு நர்சரிக்காரர்கள் காட்டுகிற செடிகளில் இவ்விரண்டும் தவறாமல் இருக்கின்றன. நானும் அப்படிக் கேட்டுத்தான் வாங்கினேன். பார்வைக்கு ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றும் இவை, தண்ணீர் விஷயத்தில் நேர் எதிரிகள் என்பதை யாரும் அங்கே சொல்லவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. 'அம்பர்லா பாம்' பனை வகையே அல்ல. அது சைப்பெரஸ் இனத்தைச் சேர்ந்த கோரை. மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்திலிருந்து உலகத் தோட்டங்களுக்குப் பரவியது. நம் வயல் வரப்பில் கிடக்கும் கோரைக்கும், பண்டை எகிப்தில் எழுதுதாள் செய்யப் பயன்பட்ட பாப்பிரஸுக்கும் இது நெருங்கிய உறவு. நர்சரிக்காரரிடம் "இது கோரைதானே, ஏன் பாம் என்று எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கோரைன்னு எழுதுனா காட்டுக்காரங்க யாருங்க காசு குடுத்து வாங்குவாங்க? ஆயுசு பூரா அதைப் புடுங்கிப் போட்டவங்கங்க." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உலகின் மிக மோசமான களைகளுள் ஒன்றாகக் கருதப்படும் கோரைக்கிழங்குச் செடியும் இதே இனந்தான். மண்ணுக்கடியில் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு போவதால் எத்தனை முறை பிடுங்கினாலும் ஒரு கிழங்கு மிச்சமிருந்து முளைத்துவிடும். குடைக்கோரைக்கு அந்தக் கிழங்கு கிடையாது. அது குட்டையான, கட்டையான வேர்த்தண்டினால் தூர் கட்டிப் பெருகும். தொட்டிக்குள் வைத்தால் தொட்டிக்குள் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்க மறுப்பவர்களும் உண்டு, இது தெரியாமல் நிலத்தில் நட்டுவிட்டு ஓடை வரை பரவ விடுபவர்களும் உண்டு.

கோரையைப் புல்லிலிருந்து பிரித்தறிய ஒரு தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் போதும். புல்லின் தண்டு உருண்டையாகச் சுழலும், நடுவே கணு தட்டுப்படும், உடைத்தால் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் தெரியும். கோரையின் தண்டு மூன்று பட்டையாக விரலில் தடுக்கும், அடி முதல் நுனி வரை கணு இருக்காது, உடைத்தால் உள்ளே வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும். குடைக்கோரையில் அந்த மூன்று பட்டை சற்று மழுங்கியிருந்தாலும் விரலுக்குத் தெரியும். காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கம் பயிர் செய்து பாய் முடைவதும், தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் பட்டுப் போல மெலிதாகக் கிழித்து நெய்வதும் இந்தக் கணுவற்ற தண்டைத்தான். கணு இல்லாததால்தான் முழு நீளத்துக்கும் நேராகக் கிழிக்க முடிகிறது.

பைன் பக்கத்தில் பெயர்க் குழப்பம் இன்னும் பெரிது. இதற்கு முன் வேறொரு கடையில் பைன் என்று கேட்டு, பைன் என்று பில் போட்டு, நான் வீட்டுக்குக் கொண்டு வந்தது அரக்கேரியா. 'கிறிஸ்துமஸ் மரம்' என்று சமவெளி நர்சரிகளில் விற்பதும் பெரும்பாலும் அதுதான். நார்ஃபோக் தீவுப் பைன் என்ற செல்லப்பெயர் அதற்கு இருந்தாலும் பைன் குடும்பத்தில் அதற்கு இடமில்லை. உண்மையான பைனின் ஊசிகள் தனித்தனியாக முளைப்பதில்லை. இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் ஒரே உறையில் கட்டாகச் சேர்ந்து முளைக்கும். ஒரு கட்டை இழுத்தெடுத்து எண்ணிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அரக்கேரியாவில் ஊசி ஒவ்வொன்றும் கிளையிலேயே ஒட்டியிருக்கும். கிளைகளும் குடைக்கம்பி போல ஒரே மட்டத்தில் சுற்றிலும் விரியும். பைன் போலவே தோன்றும் சவுக்கின் ஊசியை இழுத்தால் ரயில்பெட்டி கழல்வது போல ஒவ்வொரு கணுவிலும் கழன்று வரும். நான் இம்முறை வாங்கியது பட்டுலா பைன்: மூன்று மூன்றாக, ஒரு சாண் நீளத்துக்கு, வாரிவிடாத தலைமுடி போலத் தொங்கும் ஊசிகள். இதன் தாயகம் மெக்சிகோ. கொடைக்கானலிலும் ஊட்டி தலைகுந்தாவிலும் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் பைன் காடுகள் யாவும் மனிதர் நட்டவை. விந்திய மலைக்குத் தெற்கே இயற்கையாக வளரும் பைன் ஒன்றுகூட இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான ஒரே கூம்புத் தாவரம் நேகியா வாலிச்சியானா. அதைப் பார்த்தால் ஊசியிலை மரம் என்றே சொல்ல மாட்டீர்கள், மாவிலையைச் சிறிதாக்கியது போல அகன்ற இலை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோவை மாடியில் இரண்டு செடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அதுவே என் முதல் தவறு. நாள்தோறும் காலையில் குழாயைப் பிடித்து வரிசையாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு போகிறவர்களுக்குக் கை ஒரே அளவில்தான் ஓடும். குடைக்கோரை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. அதை நான் அடியில் துளையில்லாத ஒரு சிமெண்ட் தொட்டிக்கு மாற்றி, மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க விட்டேன். ஒரே மாதத்தில் ஆறு தண்டு பதினான்கு ஆயிற்று. பைன் கன்றோ தென்னை நார்க்கழிவு நிரம்பிய கறுப்புப் பையிலேயே இருந்தது. பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் ஊர் நர்சரிகளில் எந்தச் செடியாக இருந்தாலும் நார்க்கழிவுதான். கீரைக்கும் ரோஜாவுக்கும் அது நல்லது. ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தக் கலவை, வேருக்குக் காற்று கேட்கும் பைனுக்குச் சவக்குழி.

ஐப்பசி மழை முடிந்தபோது பைன் பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. கார்த்திகையில் அந்தப் பச்சையில் ஒரு சாம்பல் பூச்சு தெரிந்தது. வெயில் போதவில்லை என்று நினைத்து இடம் மாற்றினேன். மார்கழியில் ஊசிகள் அடியிலிருந்து செம்பட்டையாயின. பையைக் கிழித்தபோது வேர் முழுவதும் கறுத்து, விரலால் தொட்டால் தோல் உரிந்து வந்தது, அழுகிய முட்டைக்கோசு வாடை அடித்தது. ஊசியிலை மரங்கள் இறந்த செய்தியைத் தாமதமாகச் சொல்லும். மெழுகு பூசிய அந்த மெல்லிய இலைகள் உள்ளே இருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். துளசியோ கறிவேப்பிலையோ தண்ணீர் மிகுந்தால் வாடிக் காட்டும், நாமும் சுதாரித்துக்கொள்ளலாம். பைன் வாடியது கண்ணுக்குத் தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. சந்தேகம் வந்தால் தண்டில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளம்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் இல்லை.

மறு ஆண்டு மீண்டும் ஒரு கன்று வாங்கி, செம்மண், பருமணல், உடைத்த செங்கல் துண்டு மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்து, அகன்ற மண் தொட்டியில் வைத்தேன். மேல் மண்ணில் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் என்று கட்டுப்பாடாக இருந்தேன். அது சாகவில்லை. ஆனால் வாழ்ந்தது என்றும் சொல்ல முடியாது. மார்ச், ஏப்ரலில் 36, 37 டிகிரி அடிக்கும் மொட்டை மாடியில், தரையின் சூடு தொட்டியின் அடி வழியாக ஏறும் இடத்தில், ஒரு முழு ஆண்டில் அது நான்கு விரல்கூட வளரவில்லை. புதிதாக வந்த ஊசிகள் பழைய ஊசிகளில் பாதி நீளமே இருந்தன. பட்டுலா மலை மரம்; இரவுக் குளிரை எதிர்பார்க்கும் மரம். 2023 மே மாதம் அதைக் காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்துக் குன்னூருக்குக் கொண்டு போனேன். இரண்டே மாதத்தில் நுனியில் மெழுகுவத்தி போல வெளிர்பச்சைக் குருத்து எழும்பி நின்றது. மண்ணும் மாறவில்லை, தொட்டியும் மாறவில்லை. மாறியது காற்று மட்டுந்தான். அதற்குப் பிறகு சமவெளியில் யாராவது பைன் வளர்க்கலாமா என்று கேட்டால் நான் வேறு விளக்கம் சொல்வதில்லை.

அதே மாடியில் குடைக்கோரையின் வரலாறு வேறு. இதைப் பெருக்கும் முறையைச் சொல்லாமல் இதன் மதிப்பைச் சொல்ல முடியாது. முற்றிய தண்டு ஒன்றைக் குடையோடு சேர்த்து, குடைக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். குடையின் இலைகளைக் கத்தரியால் பாதியாக நறுக்கிவிட்டு, ஒரு கிண்ணத் தண்ணீரில் தலைகீழாக, அதாவது குடை தண்ணீருக்குள்ளும் தண்டு மேலேயும் இருக்கும்படி மிதக்க விட வேண்டும். முதல் முறை இதைச் செய்தபோது எனக்கே நம்பிக்கையில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் இலைகள் சேரும் நடுப்புள்ளியில் வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கியது. மூன்றாவது வாரம் அதே புள்ளியிலிருந்து குட்டிக் குட்டித் தண்டுகள் எழும்பின. காற்றில் சாயும் தண்டின் தலை நீரில் விழுந்து அங்கே ஒரு புதுச்செடியாவது ஆற்றங்கரையில் அது செய்யும் வேலை. கிண்ணத்தில் நாம் அதைத்தான் நடித்துக் காட்டுகிறோம். 60 ரூபாய்ச் செடி இன்று பதினொரு தொட்டிகளில் இருக்கிறது. தெருவில் நான்கு வீடுகளுக்கும் கொடுத்தாயிற்று. பைனை இப்படி வீட்டில் பெருக்குவது நம்மால் ஆகிற காரியம் அல்ல.

குறைகள் இல்லாமல் இல்லை. தண்ணீர் நிற்கும் தொட்டி என்றால் கொசு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியை வழிய வழிய நிரப்பிப் பழைய நீரை வெளியேற்ற வேண்டும். அல்லது நான்கு கப்பி மீன் விட வேண்டும். நான் மீன் விட்டேன், அதற்குப் பிறகு நெளியும் புழு எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது குறை, இலை நுனி கருகுவது. சிறுவாணித் தண்ணீர் வரும் நாட்களில் பச்சையாக இருக்கும் குடை, கோடையில் குழாய் வறண்டு போர் தண்ணீர் ஊற்றத் தொடங்கினால் பத்தே நாளில் நுனி பழுப்பாகிறது. உப்பு அதற்கு ஆவதில்லை. மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பூனை. பூனைகளுக்குக் கோரை இலை மீது என்ன ஆசையோ, குடையின் விளிம்பை வட்டமாகக் கத்தரித்தது போலத் தின்றுவிட்டுப் போகும். நான்காவது, ஒரு தண்டின் ஆயுள் சில மாதங்களே. பழுத்த தண்டுகளை அடியோடு வெட்டிக்கொண்டே இருக்காவிட்டால் தொட்டி பார்க்க அலங்கோலமாகிவிடும். ஆனால் வெட்டுவதற்கு இது அஞ்சுவதே இல்லை. ஒருமுறை வெளியூர் போய்த் திரும்பியபோது தொட்டி முழுவதும் காய்ந்து வைக்கோலாக நின்றது. எல்லாவற்றையும் மண் மட்டத்துக்கு அறுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். மூன்று வாரத்தில் ஈட்டி ஈட்டியாகப் புதுக் குருத்து வந்துவிட்டது. இலையில்லாத பழைய கிளையில் பைனை வெட்டிப் பாருங்கள், அந்தக் கிளை அதோடு முடிந்தது.

குடைக்கோரையின் வேறொரு பயன் தோட்ட அழகைத் தாண்டியது. எங்கள் மாடியில் துணி துவைக்கும் கல்லிலிருந்து வரும் நீர் முன்பு நேராகக் குழாயில் போய்ச் சேரும். அந்த வழியில் ஜல்லி நிரப்பிய நீளமான தொட்டி ஒன்றை வைத்து மூன்று தூர் குடைக்கோரையை நட்டேன். கழிவுநீரைச் செடிகளின் வேர்ப்பகுதி வழியாக ஓடவிட்டுத் தெளிய வைக்கும் அமைப்புகளில் கல்வாழையோடு இந்தக் கோரையையும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதைப் படித்துத்தான் செய்தேன். சோப்பு நுரை குறைந்து, தேங்கிய நாற்றம் நின்று, அந்தப் பக்கம் வரும் நீர் செம்பருத்திக்கும் வாழைக்கும் விடும் தரத்தில் இருக்கிறது. கீரைக்கு நான் விடுவதில்லை.

குன்னூருக்குப் போவோம். அங்கே நிலத்தில் நட்ட பைன் கன்று நான்கு ஆண்டில் பதினான்கு அடி ஆகிவிட்டது. பெரியப்பா அதை வாசலிலிருந்து எட்டடி தள்ளித்தான் நட்டார். இப்போது கூரை ஓட்டின் மேல் அதன் நிழல் விழுகிறது. வளர்ந்தால் முப்பது மீட்டர் போகக்கூடிய மரம் என்பதை அந்த முழங்கால் உயரக் கன்றைப் பார்த்து யாரும் நம்பியிருக்க மாட்டோம். அந்த மரத்தின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மாலையில் சரிவிலிருந்து காற்று ஏறும்போது நீண்ட ஊசிகள் எழுப்பும் இரைச்சல், தொலைவில் மழை வருவது போலவே இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் கொடியில் காயும் துணியை எடுக்கப் பெரியம்மா எழுந்துவிடுவார். வெயில் ஏறினால் பிசின் வாசனை முற்றம் முழுவதும் பரவும். அந்த வாசனை நமக்குப் பழக்கமானதுதான். நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்வது யூகலிப்டஸை. ஆனால் இன்று பூஜையறையில் நாம் ஏற்றும் கற்பூரத்தின் பெரும்பகுதி, பைன் பிசினிலிருந்து வடித்த டர்பென்டைனைக் கொண்டு ஆலையில் செய்யப்படுவது.

ஆனால் உதிரும் ஊசியை யார் கூட்டுவது? பச்சை மாறாத மரம் என்றால் இலை உதிராது என்று பலர் எண்ணுகிறார்கள். ஊசிகள் சில ஆண்டுகள் இருந்துவிட்டு உதிரும். எல்லாம் ஒரே நேரத்தில் உதிராததால் மரம் மொட்டையாவதில்லை, அவ்வளவுதான். ஓட்டு இடுக்குகளிலும் மழைநீர்த் தகரத்திலும் அவை பாய் விரித்தது போலச் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும் என்பதால், புரட்டாசி முடிவதற்குள் ஏறித் தகரத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் சுவரில் நீர் வழியும். கோடையில் அதே ஊசிகள் காய்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். உத்தராகண்ட் மலைகளில் கோடைதோறும் காட்டுத்தீ பரவ உதிர்ந்த சீர் பைன் ஊசிகள் பெரிய காரணம் என்பதை நினைத்தால், வீட்டுச் சுவரை ஒட்டி அவற்றைக் குவித்து வைக்க எனக்குத் துணிவில்லை. சேகரித்துச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுகிறோம். மண் புளித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், மட்கும் ஊசி மண்ணை அவ்வளவு மாற்றிவிடுவதில்லை.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதைச் செடி விற்பவர் சொல்ல மாட்டார். பட்டுலா பைனின் விதைகள் காற்றில் பறக்கும் இறக்கை கொண்டவை. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரத்தோடு சேர்ந்து பைனும் புகுந்து, வரையாடு மேயும் அந்தத் திறந்த வெளியை மூடிவிடுகிறது. அவற்றை அகற்றுவதற்கு வனத்துறை உழைத்துக்கொண்டிருக்கும்போது, புல்வெளியின் விளிம்பில் வீடு உள்ளவர் வாசலில் ஒரு விதைமரத்தை நடுவது சரியல்ல என்றே நினைக்கிறேன். நகரின் நடுவில், தேயிலைத் தோட்டங்களுக்கு இடையில் இருப்பவர் தொட்டியில் வைத்துக் கூம்பு முற்றுமுன் கிள்ளிவிட்டால் குற்றமில்லை. முதிர்ந்த ஊசியிலை மரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு, 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா குன்னூரிலேயே இருக்கிறது. இந்த அளவுகோலில் குடைக்கோரையும் தப்பாது. அதுவும் அயலிலிருந்து வந்தது, ஓடைக்கரையில் விட்டால் உள்ளூர்க் கோரைகளின் இடத்தைப் பிடிக்கும். மாடித் தொட்டியிலிருந்து ஓடைக்குப் போக அதற்கு வழியில்லை என்பதே என் சமாதானம். வெட்டிய தலைகளை நான் சாக்கடையில் போடுவதில்லை, காயவைத்து உரக்குழியில் போடுகிறேன்.

குன்னூரில் குடைக்கோரை எப்படி என்று கேட்டால், பிழைத்திருக்கிறது என்பதே பதில். ஜனவரிக் குளிரில் நுனி கருகி வளர்ச்சி நின்றுவிடும். சித்திரையில் மீண்டும் தலை தூக்கும். கோவையில் இடுப்பு உயரம் வந்த செடி அங்கே முழங்காலைத் தாண்டவில்லை. மலையில் கோரை வேண்டுமென்பவருக்கு, குளிரைத் தாங்கும் கேரக்ஸ் வகை பொருத்தமாக இருக்கும். ஏறக்குறைய 2,000 சிற்றினங்கள் கொண்ட பெரிய பேரினம் அது. ஐரோப்பியத் தோட்டங்களில் பாதை ஓரத்துக்கு அதைத்தான் நடுகிறார்கள், நீலகிரியிலும் சில வகைகள் இயற்கையாக உண்டு. நம் நர்சரிகளில் எப்போதாவது கிடைப்பது மஞ்சள் கோடு போட்ட அலங்கார வகை, அதையும் 'அலங்காரப் புல்' என்றே விற்கிறார்கள்.

தொட்டிப் பைனைப் பராமரிப்பது பற்றி இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளை நூல் போலப் படர்ந்திருப்பதைப் பார்த்து, பூஞ்சை பிடித்துவிட்டது என்று குழாயடியில் கழுவிவிடாதீர்கள். அது பூஞ்சைதான்; ஆனால் வேரோடு கூட்டு வைத்து மண்ணிலிருந்து சத்தையும் நீரையும் எடுத்துத் தரும் நட்புப் பூஞ்சை. பைன் இல்லாத நாடுகளுக்கு அதைக் கொண்டு போனபோது, பழைய பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் சேர்த்த பிறகுதான் கன்றுகள் தேறின. ஆகவே பழைய மண்ணில் ஒரு கைப்பிடியைப் புதுத் தொட்டியில் போட வேண்டும். அடுத்து, உயரத்தைக் கட்டுப்படுத்தக் கத்தரிக்கோல் வேண்டாம். மெழுகுவத்திக் குருத்து இளசாக, ஊசி விரியாமல் இருக்கும்போது விரலால் பாதியைக் கிள்ளிவிட்டால் போதும். விரலில் ஒட்டும் பிசின் தண்ணீருக்குப் போகாது, தேங்காய் எண்ணெய்க்குப் போகும்.

மாடித்தோட்டக்காரர் இனி எதை வாங்குவது? சமவெளியில் இருப்பவருக்குக் குடைக்கோரையை ஐந்துக்கு நாலரை என்று மதிப்பிடுவேன். அந்த அரை கொசுவுக்காகவும் பூனைக்காகவும் கழித்தது. சமவெளியில் பட்டுலா பைனுக்கு ஒன்றுக்கு மேல் தர முடியாது. ஊசியிலை அழகுதான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் 20 ரூபாய்ச் சவுக்குக் கன்றை வாங்கித் தொட்டியில் வைத்து வளைத்து வெட்டிப் பழகுங்கள். பைன் போன்சாய்க்கு உள்ள தோற்றம் வரும், வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் அது பயப்படாது. வீட்டுக்குள் வைக்கத்தான் என்றால் ஜன்னலோரம் குடைக்கோரை தாங்கும், பைன் தாங்காது. அரக்கேரியாவாவது சில காலம் பொறுக்கும். மலையில் 1,500 மீட்டருக்கு மேல் இடமும் வெயிலும் வடிகாலும் உள்ளவருக்குப் பைனுக்கு மூன்றரை தருவேன், தொட்டியில் இருக்கும் வரை. வாங்குவதானால் ஆடி, ஆவணியில் வாங்குங்கள். கட்டை இழுத்து ஊசியை எண்ணுங்கள். பையைத் தூக்கிப் பார்த்து, நார்க்கழிவின் எடை மட்டும் கையில் தெரிந்தால் அன்றைக்கே மண்ணை மாற்றத் தயாராகுங்கள்.

முற்றத்தில் நிற்கும் பதினான்கடி மரத்தை என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஓடு மாற்ற வந்த மேஸ்திரி இந்தத் தை மாதமே வெட்டிவிடச் சொல்கிறார். பெரியம்மா இன்னும் ஒரு மழைக்காலம் அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு வெட்டலாம் என்கிறார். இதற்கிடையே பெரியப்பா, மரத்தடியில் ஊசி விழாத பக்கமாகப் பார்த்து, நான் கொடுத்த குடைக்கோரைத் தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறார்.